கீபோர்டை மிரட்டிய வகையில் நான் சொல்வது

பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் கொடுத்தபடி. வயது ஐம்பத்து மூன்று. தொழில், அச்சகத்தில் பிழை திருத்துவது. வீட்டில் பிழை செய்வது என்று மனைவி சொன்னதையும் சேர்க்கச் சொன்னேன்; எழுதும் காவலர் முதலில் மறுத்து, பிறகு எழுதிக்கொண்டார்.

என் மனைவியின் தம்பி எங்களோடு இருக்கிறான். பதினான்கு மாதமாக வேலையில்லை. சென்ற வியாழன் காலை பதினொரு மணிக்கு அவனுக்குக் கம்ப்யூட்டர் வழியாக நேர்முகத் தேர்வு. அதற்கு முதல் நாள் நான் ஒரே பெட்டியில் இரண்டு வயர்லெஸ் கீபோர்டு வாங்கி வந்தேன். அவற்றோடு, கீபோர்டில் தட்டுவதைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கித் தரும் ரிசீவர்கள் நகத்தளவில் இரண்டு இருந்தன, கீபோர்டுக்கு ஒன்றாக. தொலைந்துவிடக் கூடாதே என்று இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டேன். “என் மிஷின்ல கை வைக்காதீங்க மாமா, நாளைக்கு முடியட்டும்” என்றான் மைத்துனன். அவன் குளிக்கப் போன பிறகு அவன் கம்ப்யூட்டரில் ஒரு ரிசீவரைச் செருகினேன். மற்றதை என்னுடையதில் செருகினேன். எது எந்தக் கீபோர்டுடையது என்று பார்க்கவில்லை.

வியாழனன்று அவன் பழைய கீபோர்டோடு தேர்வுக்கு உட்கார்ந்தான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் புதுக் கீபோர்டுக்கான மென்பொருளை நிறுவ உட்கார்ந்தேன். ரிசீவர் இருக்கிறது, கீபோர்டைக் காணோம் என்றது. அருகே கொண்டு வரச் சொன்னது. கம்ப்யூட்டரின் தலைமேலேயே வைத்தேன். அணைத்துப் போடச் சொன்னது, போட்டேன். அதன் பிறகு மென்பொருளை நான்கு முறை நீக்கி நான்கு முறை நிறுவினேன். ஐந்தாம் முறையும் கீபோர்டைக் காணோம் என்றது. கீபோர்டு என் மடியில் இருந்தது.

அதன் பிறகு நான் வாய்விட்டுத் திட்டவே மனைவி எட்டிப் பார்த்து, “தம்பி பேசிட்டிருக்கான். வாயை மூடிக்கிட்டு என்ன வேணா பண்ணுங்க” என்றாள். அதன்படி வாயை மூடிக்கொண்டு விரலால் திட்டினேன். என் திரையில் ஓர் எழுத்தும் ஏறாததால் தாராளமாகத் திட்டினேன். ஓங்கி அழுத்தினால் ஏறும் என்று ஓங்கி அழுத்தினேன். ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டினேன். அது தொழில் பழக்கம்.

ரிசீவர் மாறிப்போனதால் அவை யாவும் மைத்துனனின் திரையில், தேர்வு நடத்திய மேலாளர் அம்மாவுக்கு அவன் படிப்பு விவரம் தட்டியனுப்பிய செய்திப் பெட்டியில் ஏறிப் போயிருக்கின்றன. அந்த அம்மா கொடுத்த புகாரில் உள்ள “கழுதைக்குக்கூட இத்தனை தடவை சொன்னா புரியும்”, “உன்னைக் கட்டி அழறது என் தலையெழுத்து”, “இன்னும் அஞ்சு நிமிஷம், சன்னல் வழியாத் தூக்கி எறிஞ்சிடுவேன்” ஆகிய மூன்றும் என்னுடையவை.

சுவருக்கு அப்பால் அவன், “நான் இல்ல மேடம், என் கையைப் பாருங்க” என்றது கேட்டது. இந்தக் காலத்துத் தேர்வில் கையெல்லாம் பார்க்கிறார்கள் போலும் என்று எண்ணி அடுத்த வரியைத் தட்டினேன். அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தபோதுதான் சன்னல் வரி போனதாக அந்த அம்மாவே புகாரில் கூறியிருக்கிறார்.

அதன் பிறகு மைத்துனன் என்னோடு பேசவில்லை. மனைவி, “ஒரு மிஷினை மிரட்டப் போய் என் தம்பி வாயில மண்ணைப் போட்டுட்டீங்களே” என்று மட்டும் சொன்னாள்.

இந்த வாக்குமூலத்தின் நகல் கிடைத்தால் வரும் திங்கள் பத்து மணிக்கு மறுதேர்வு வைப்பதாகக் கம்பெனியார் கூறியுள்ளனர். ஆகவே நகலில் முத்திரையிட்டுத் தரும்படியும், அன்று பத்திலிருந்து பன்னிரண்டு வரை என்னை இந்த நிலையத்தின் பெஞ்சிலேயே உட்கார வைத்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் மூவரும் கூடி எடுத்த முடிவு இது. மைத்துனனும் கை தூக்கினான்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான்; ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பேனாவால் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)