உள் கணினியில் திறந்திருந்த பாட்டு

விசாரணையின்போது அறையில் இருந்தவர்கள் உதவி ஆய்வாளர், வாக்குமூலம் எழுதும் பெண் காவலர், நான், என் கணவர், கொழுந்தனாரின் மனைவியான என் ஓர்ப்படி. கொழுந்தனார் வெளியே பெஞ்சில் இருந்தார். மாமனாரைப் பக்கத்து வீட்டு நர்ஸ் பார்த்துக்கொள்கிறார்.

நான் மேற்படி வீட்டின் மூத்த மருமகள். வயது ஐம்பத்திரண்டு. மனுவில் கண்ட முகவரியில் கூட்டுக் குடும்பமாக வசிக்கிறேன். படிப்பு பள்ளியோடு சரி, கம்ப்யூட்டரை நானாகவே கற்றுக்கொண்டேன். வீட்டுக் கணக்கும் பிரார்த்தனைக் கூடத்துக் கணக்கும் நான்தான் எழுதுகிறேன், அடித்தல் திருத்தல் இருக்காது. இதையும் அப்படியே சொல்கிறேன்.

மாமனார் பிரார்த்தனைக் கூடத்துக்குப் பாட்டுக் கட்டுபவர். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். அதற்குரிய பழைய மென்பொருள் இப்போதைய கம்ப்யூட்டரில் ஓடாது. ஆகவே கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை ஓட்டிக்காட்டும் விர்ச்சுவல் மெஷின் மென்பொருளைப் போட்டு, அதற்குள் வேலை செய்தேன். மாமனார் சொற்களை மாற்றிக்கொண்டே இருப்பார். "ஆச்சும்மா, பூட்டு" என்று அவர் சொன்னால்தான் சேமிப்பேன். அதுவரை பாட்டைத் திறந்தபடியே விட்டு, அந்த உள் கணினியை அணைக்காமல், இருந்த நிலையிலேயே உறங்க வைத்துவிட்டு எழுந்திருப்பேன். கடைசிப் பாட்டில் இறுதி வரி மட்டும் பாக்கி இருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. பாட்டு பூட்டப்படவில்லை. தினமும் என் பிரார்த்தனை முடிந்ததும் அதை எழுப்பிப் பார்த்துவிட்டு மறுபடி உறங்க வைப்பேன். யாருக்கும் காட்டியதில்லை.

அதன் பிறகு, கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது என்று என் கணவர் என்னைக் கேட்காமல் ஓர்ப்படியைக் கூப்பிட்டார். வீட்டில் எல்லோருக்கும் அவள் "இன்ஜினியரம்மா". அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து, உயரத்தைத் தனக்கு ஏற்றபடி கூட்டிக்கொண்டு, "அக்கா, இந்த வெர்ஷன் ரொம்பப் பழசு, அப்கிரேடு பண்ணிடலாம். உள்ள இருக்கிறதை ஷட்டவுன் பண்ணிட்டீங்கல்ல?" என்றாள். "அதெல்லாம் எங்களுக்கும் தெரியும்" என்றேன். அணைத்திருக்கவில்லை. ஏன் அணைக்க வேண்டும் என்று அவளிடம் போய் விளக்கம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு அந்த விர்ச்சுவல் மெஷின் மென்பொருளின் புதிய பதிப்பு ஏறியது. உறக்கத்தில் இருந்ததை எழுப்ப முடியாது, அந்த நிலையை அழித்துவிட்டுத்தான் தொடங்கலாம் என்று திரையில் வந்தது. அவள் அழித்தாள். திறந்தபோது பாட்டு இல்லை. நான் போட்ட சத்தத்தில் என் கணவர் ஜன்னலைச் சாத்தினார். அவள் அசரவில்லை. "பதறாதீங்க அக்கா. கைய வைக்கிறதுக்கு முன்னாடியே மொத்தத்தையும் பென்டிரைவ்ல எடுத்து வச்சுட்டேன்" என்றாள். கொழுந்தனார், "பாத்தீங்களா அண்ணி, இதுக்குத்தான் படிக்கணுங்கிறது" என்றார்.

அதன் பிறகு அவள் தன் லேப்டாப்பில் பழைய பதிப்பைப் போட்டு, உறங்கியதை எழுப்பி, மாமனாரின் கட்டிலருகே உட்கார்ந்து பாட்டை வாசித்தாள். நான் பால் டம்ளருடன் வாசற்படியில் நின்றிருந்தேன். மாமனார் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். நான் இத்தனை பாட்டு தட்டச்சு செய்தும் ஒருமுறைகூட என் விரலைப் பிடித்ததில்லை. "மாமா, கடைசி வரியை நானே போட்டு சேவ் பண்ணிடட்டுமா?" என்று அவள் கேட்டாள். கையிலிருந்த பால் ஆடை கட்டிவிட்டது.

அதன் பிறகு பென்டிரைவைக் கேட்டேன். "உங்ககிட்ட குடுத்தா மறுபடி தூங்க வச்சிடுவீங்க அக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளே காவல் நிலையத்தில் மனு கொடுத்தேன்.

"ஏம்மா, அழிஞ்சதை அவங்க காப்பாத்திக் குடுத்திருக்காங்க. இதுல என்னத்தை கேசு போட?" என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அவள் காப்பாற்றியது உண்மை. நான் அணைத்துவிட்டதுபோல் சொன்னது பொய். இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவள்மேல் நடவடிக்கை வேண்டாம். மாமனார் தம் வாயால் "பூட்டு" என்று சொல்லும்வரை பாட்டு என்னிடம், திறந்தபடியே இருக்க வேண்டும், இதுதான் என் கோரிக்கை. "இனிமே பேச்சு வராதுன்னு டாக்டரே சொல்லிட்டாரேடி" என்று என் கணவர் குறுக்கிட்டார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மேலே உள்ளதைப் பெண் காவலர் வாசிக்க முழுவதும் கேட்டேன். கடவுள் அறிய, நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை.

(கையொப்பம்)
மூத்த மருமகள்

பி.கு.: பாட்டு உள்ள அவள் லேப்டாப் இப்போதும் மாமனார் அறையில்தான் இருக்கிறது; கடைசி வரியை அவள் எப்போது வேண்டுமானாலும் போட்டுவிடலாம். என் மனுவுக்குப் பதிலைச் சீக்கிரம் சொல்லவும்.