கட்டிலுக்குக் கீழே முருகன்

“வீட்டை அழகுபடுத்தவும் ஒரு படிப்போ?” என்று மாமா ஒருமுறை கேட்டார். குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போகிறவள் என்ற பெருமையில் நான் வீட்டு உள்அலங்காரப் படிப்பிலேயே சேர்ந்தேன்.

நேற்று, சுவிஸில் ஓல்டன் நகருக்குப் போகும் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

“நான் கிளீன் பண்ணுற வீட்டைப் பாத்து எங்கட ஹோல் சுவரையும் வெறும் வெள்ளையாக்கிப் போட்டன், அக்கா.”

“அப்ப சாமிப்படங்கள்?”

“கட்டிலுக்குக் கீழை.”

“நாளைக்கு உன்ர மாமியார் வாறா எண்டு சொன்னனீயெல்லே?”

“ஓம். அதுதான் நித்திரையில்லை. முருகனுக்கு மேலை படுத்தால் எப்பிடி வரும்?”

“அந்த வீட்டுச் சுவிஸ் மனிசி தன்ர சாமியை எங்கை வைச்சிருக்கிறா?”

“அவவுக்குச் சாமியே இல்லையக்கா. அதாலைதான் வீடு வடிவா இருக்கு.”

வகுப்புக்காக நான் வரைந்து பையில் வைத்திருந்த வீடும் வெறும் வெள்ளைதான். ஓல்டன் வருமுன்பே அதன் சுவரில் சாமிப்படங்களுக்கு ஒரு தட்டு வரைந்துவிட்டேன்.