வட்டத்துக்கு எத்தனை போத்து?

– வேலிக்கா மைனி, இல்ல கொல்லைக்கு அழகுக்கா? எதுக்குன்னு சொன்னாத்தானே நான் செடி எடுத்துத் தர முடியும்?

– வேலிக்குத்தான் பஸீலா. கிளுவை குடு. நல்லா முள்ளு இருக்கணும். ஒரு கை நுழையப்படாது.

– அப்ப கிளுவைதான் சரி. இந்த ஐப்பசி மழையில கிளையில ஒரு போத்த வெட்டி ஊனிட்டாப் போதும், வேர் விட்டுரும். எம்புட்டு நீளத்துக்கு வேணும்?

– கிட்ட வா. காதக் குடு, சொல்லுதேன்.

– ஏன், இங்கன செடியத் தவிர யாரு இருக்கா? சரி, சொல்லுங்க... அங்கனயா? ரப்பே! சரி மைனி, சரி. எனக்கு விளங்கிட்டு.

– யாருகிட்டயும் சொல்லிராத. எங்க வீட்டு ஆளு கேட்டாலும் சொல்லாத.

– முருகம்மா மைனி சொல்லி நான் மீறுவேனா? பின்னால வரிசையா நிக்கி. இந்தாங்க அரிவாள், கட்டைவிரல் தண்டி உள்ளதாப் பாத்து நீங்களே வெட்டிக்கிடுங்க. முள்ளு கவனம்!

– முள்ளுக்கு என்ன, பாத்துக்கிடுதேன்.

– அக்கா! நாட்டுச் செடி விக்கிற பஸீலாக்கா நீங்கதானா?

– வா தங்கச்சி, வா. நான்தான். குரோட்டன்ஸ் கேட்டா மட்டும் விரட்டிருவேன். ஆவாரை, நொச்சி, பவளமல்லி, தூதுவளை எல்லாம் இருக்கு. எந்தூரு?

– குருவிகுளம் பக்கம்க்கா. எம் பேரு சுமதி. பவளமல்லி ஒண்ணு குடுங்க. அதுக்கு முன்னால, பாத்துக்கிடுங்க, ஆகாசக் கருடன் கிழங்கு இருக்கா?

– இருக்கு. வாசல்ல தொங்கப் போடவா?

– ஆமா. யூடியூப்ல பாத்தேன். மண்ணும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம், அந்தரத்துலயே கொடி விடுமாம். கண்ணு பட்டா மட்டும் கிழங்கு அழுகிருமாம். நெசமாக்கா?

– வாங்கிட்டுப் போறவுக அப்படித்தான் சொல்லுதாக. எங்க வீட்டுல தொங்கப் போட்டேன், எலி தின்னுட்டு. எலி நல்லாத்தான் இருக்கு.

– சிரிக்காதீகக்கா. நான் பயந்து போயி வந்திருக்கேன். மூணு மாசம் முழுகாம இருக்கேன். போன தடவ தங்கல. இந்தத் தடவ வீட்டுக்காரரத் தவிர ஒருத்தருக்கும் சொல்லல.

– அல்லா காப்பாத்துவான். யாரு கண்ணுக்குப் பயப்படுத?

– எங்க ஓரகத்திக்குத்தான். ஒரே முத்தத்துல எதிரும் புதிருமா ரெண்டு வீடு. முத்தத்துல சுவர் இடிஞ்ச கிணறு ஒண்ணு கெடக்கு. நான் கட்டிக்கிட்டு வாரதுக்கு முன்னால, அவுக பிள்ள அதுலதான் விழுந்து...

– தங்கச்சி, அந்தப் பேச்சு போதும். பவளமல்லி இந்தா, நல்ல கன்னு பாரு.

– இருங்கக்கா, இதக் கேளுங்க. நான் காலையில வாந்தி எடுத்தா சன்னல்ல வந்து நிக்காக. ஒண்ணும் கேக்க மாட்டாக. என் வயித்தையே பாக்காக. பிள்ளையப் பறிகுடுத்த கண்ணுல்லா? பாத்துக்கிடுங்க, எனக்கு ஈரக்கொலையே நடுங்குது.

– மெல்லப் பேசு தங்கச்சி!

– ஏன்? இங்கன யாரு இருக்கா?

– நான் இருக்கேன் சுமதி.

– அக்கா... நீங்க... நீங்க எப்ப வந்தீக?

– முந்தின பஸ்ஸுல. கிழங்க வாங்கிட்டியா? எங்க வாசலப் பாத்துக் கட்டு. அப்பத்தான் சரியா இருக்கும்.

– மைனி, அரிவாள இங்கன குடுங்க. ரெண்டு பேரும் உக்காருங்க, டீ சொல்லுதேன்.

– டீ வேண்டாம்க்கா. கேட்டதுதான் கேட்டுட்டாக, நானும் கேக்கேன். கையில என்ன அது? கிளுவையா? முத்தத்துல முள்ளுவேலி போடப் போறீகளா?

– ஆமா.

– வாய் கூசாம ஆமாங்கீக! அத்தானும் எங்க வீட்டுக்காரரும் முத்தம் பொதுவுலயே இருக்கட்டும்னு பேசி முடிச்சாகள்லா? இப்ப நட்டநடுவுல முள்ளா?

– நட்டநடுவுல இல்ல.

– பின்ன எங்க? எங்க வாசல்லயா?

– ஊனுன பொறவு பாத்துக்கோ.

– இப்பச் சொல்லுங்க. தெரியாமலா வைக்கீக? நான் வாயத் திறக்க முந்தியே உங்களுக்குத் தெரிஞ்சிட்டு. எம் பிள்ள உங்க பக்கம் வந்து காலெடுத்து வச்சிரக்கூடாது, அதான?

– சுமதி, மாசமா இருக்கவ. கத்தாத.

– உங்க பிள்ள இல்லன்னா எம் பிள்ளைக்கு ஏன்க்கா முள்ளு வைக்கீக?

– தங்கச்சி! என்ன வார்த்த இது? மைனி, சின்னப் பிள்ள பேசிட்டா, மனசுல வைக்காதீக. இருங்க, சாக்குல பொதிஞ்சு தாரேன். மைனி! மழை கொட்டுது, குடைய எடுத்துக்கோங்க. முருகம்மா மைனி, திட்டவாவது செஞ்சிட்டுப் போங்க!

– போறாக பாருங்க. கையெல்லாம் ரத்தம், அப்பவும் அந்த முள்ளுக்கட்ட விட்டாகளா? பாத்துக்கிடுங்க, எம்புட்டு வன்மம்!

– சொல்லாதன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டாக. இனி சொல்லாம இருந்தா பாவம்.

– என்னத்த?

– எம்புட்டு நீளம்னு கேட்டேன் தங்கச்சி. ‘நீளம் இல்ல பஸீலா, கிணத்தச் சுத்தி வட்டமா வேணும். மாசமா இருக்கவ காதுல கிணறுன்னு நான் சொல்லப்படாது. அடுத்த ஐப்பசிக்கு முத்தத்துல ஒரு பிள்ள தவழும், அதுக்குள்ள தழைச்சு அடைச்சிரும்லா?’ன்னு கேட்டாக.