ஒடிச்சு வச்ச வாது

நிலக்ஷியா? எம் மக இப்பதான் மிஸ், இப்படி வெளிய போனா. நீங்க உள்ளுக்கு வாங்க, இஸ்தோப்புத் திண்ணையில சாரல் அடிக்குது. கதவ தள்ளுங்க, சும்மாதான் சாத்தியிருக்கு. குனிஞ்சு வாங்க, நெல கட்ட. அந்த நாய் கொரைக்கும், கடிக்காது.

போன்ல ஸஹ்லான்னு பேசினது நீங்கதானே. கடுதாசி ஏதும் கொண்டாந்தீங்களா? காட்டுங்க ஒருக்கா. கோவிச்சுக்காதீங்க. போன வருசம் இப்படித்தான் ஒருத்தர் பையும் கையுமா வந்து, வீடு கட்டித் தர்றோம்னு தோட்டத்து லய வீடு பூரா ஐ.சி. நம்பர் எழுதிக்கிட்டுப் போனாரு. இன்னும் ஒரு கல்லு வரல. ம்... சீல் இருக்கு. சரி, உக்காருங்க. வெறுந்தேத்தண்ணிதான் இருக்கு, குடிப்பீங்களா?

அப்ப, சந்தேகம்னு சொல்றீங்க. நேராவே சொல்லுங்களேன். பழைய கதைங்கள எடுத்து ரொக்கட்டு, ரோபோன்னு மாத்தி எழுதுங்கன்னு பேப்பர்ல போட்டது நீங்க. பதினாறுலருந்து இருபது வயசுப் புள்ளைங்க எழுதலாம்னு சொன்னதும் நீங்கதான். பன்னெண்டு கதைய எடுத்திருக்கோம், புத்தகமா வருது, அதுல நிலக்ஷியோடதும் ஒண்ணுன்னு கடுதாசி போட்டீங்க. இப்ப வந்து அவதான் எழுதினாளான்னு கேக்குறீங்க. மத்த பதினொரு வீட்டுக்கும் இப்படி பஸ் ஏறிப் போனீங்களா மிஸ்? லயத்துப் புள்ளைன்னா மட்டும்தானா?

ஓ. அவங்கள்லாம் போன்ல பேசினாங்களா. நிலக்ஷிக்கு கூச்சம். அதான் ஒவ்வொரு தடவையும் நானே எடுத்தேன்.

மெசின்கிட்ட கேட்டு எழுதினதா? இங்க போன் பேசத்தான் சிக்னல் வரும், இன்டர்நெட்டு வேணும்னா கோயில் பாறைக்கு மேல ஏறணும். அங்க நின்னு மழையில நனைஞ்சுக்கிட்டு முப்பது பக்கம் யாரு எழுதுவா? பேனாவால எழுதினது மிஸ், உங்க கையிலயே இருக்கே, பாருங்க.

அவ ஸ்கூல் கொப்பியா? எழுத்த ஒத்துப் பார்க்கவா? இருந்துச்சு... மழைக்கு ஒழுகி எல்லாம் பூசணம் புடிச்சுப் போச்சு. ஒண்ணுகூட இல்ல.

நான் ஒண்ணு கேக்கவா? புத்தகத்துல பேரு முன்னுக்கு போடுவீங்களா, உள்ளுக்கா? கொழும்புக் கடையிலயும் விக்குமா? பெட்டாப் பக்கம், வெள்ளவத்தைப் பக்கம் எல்லாம்? சும்மா கேட்டேன். பெத்தவளுக்கு ஆசை இருக்காதா.

கதை எனக்குத் தெரியாம என்ன, வாசிச்சுக் காட்டினாளே. சாப்பாட்டுக்கு வழியில்லாம தாயும் தகப்பனும் புள்ளைங்கள காட்டுல விட்டுட்டு வர்ற பழைய கதைதான். புள்ளைங்க வழி தெரியட்டும்னு ரொட்டித் துண்டு போட்டுக்கிட்டே போகும், குருவி வந்து தின்னுடும். நிலக்ஷி அத ஆகாசத்துல வச்சா. பெரிய கப்பல் ஒண்ணு, நூறு வருசமா பறக்குது, சாப்பாடு முடியுது. கப்பல ஒரு கிரகத்துல எறக்கி, அண்ணனையும் தங்கச்சியையும் தூரத்துல கூட்டிட்டுப் போய் விட்டுட்டு, பெத்தவங்க கப்பலுக்குத் திரும்பிருவாங்க. புள்ளைங்க வழியெல்லாம் சின்னச் சின்ன லைட்டா போட்டுக்கிட்டுப் போகுங்க. கூட்டிப் பெருக்குற ரோபோ வந்து அத்தனையும் உறிஞ்சிரும். அப்புறம் அந்த இனிப்பு வீடு. கேட்டதெல்லாம் தர்ற மெசின் வீடு. அது அவங்க அம்மா கொரல்லயே பேசும். சாப்பிடு கண்ணு, தூங்கு கண்ணுன்னு. அந்த எடம் எனக்கு... சரி, விடுங்க. தேத்தண்ணி ஆறுது.

எந்த எடம்? வாது ஒடிக்கிற எடமா?

அதுல என்ன மிஸ் சந்தேகம்? லைட்டெல்லாம் போன பொறவு அந்தப் பொண்ணு நின்ன எடத்துல ஒரு சின்னக் கிளைய, வாத ஒடிச்சு செடி மேல சொருகிட்டுப் போவா. ரோபோவுக்கு அது குப்பைன்னு தெரியாது, செடின்னு விட்டுடும். எல வாடியிருந்தா நேத்து வந்த எடம், கருகியிருந்தா அதுக்கும் முன்ன. அத வச்சே திரும்பி வருவாங்க. நாங்க மலையில செய்றதுதான். தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டே போறப்ப நம்ம செடி வரிசைய, அதான் நெரைய, பாதியில விட்டுட்டு வந்தா, நாளைக்கு எங்கருந்து எடுக்கணும்னு தெரிய அப்படித்தான் சொருகிட்டு வருவோம். இல்லாட்டி பக்கத்து நெரைக்காரி எடுத்துட்டா சண்டை வந்துரும்.

நிலக்ஷியா? கொழுந்து எடுக்கவா? சேச்சே. அவள நான் மலைக்கு விட்டதே இல்ல. அட்டைன்னா அலறுவா. இடுப்புல சுத்துற படங்கு எந்தப் பக்கம் கட்டுறதுன்னுகூட அவளுக்குத் தெரியாது.

ஏன் அப்படிப் பார்க்குறீங்க? நான் சொல்லிக் குடுத்திருப்பேன். தாய் சொல்லிக் குடுக்கக்கூடாதுன்னு பேப்பர்ல போட்டிருந்தீங்களா?

கையெழுத்தா? எதுக்கு? ஓ, சம்மதக் கடுதாசிக்கா. இல்ல மிஸ், கையில கொழுந்துக் கறை, பேப்பர் அழுக்காயிரும். அவங்கப்பா ஃபெக்டரி விட்டு ஆறு மணிக்கு வருவாரு, அவரு போடட்டும்.

பஸ்ஸு நாலே முக்காலுக்கா. அத விட்டா அட்டனுக்கு வேற பஸ் இல்லதான்.

நிலக்ஷி... டியூசனுக்குப் போயிருக்கா. முன்ன என்ன சொன்னேன்? வெளியன்னா டியூசன்தான்.

நீங்க பொல்லாத ஆளு மிஸ். பேனாவ நீட்டினபடியே உக்காந்திருக்கீங்க. மலையில எங்கள வெரட்டுற கணக்கப்புள்ள மாதிரி கத்தினாலாவது நானும் திருப்பிக் கத்துவேன். அந்தப் பேனாவ குடுங்க.

இந்தாங்க, போட்டுட்டேன். வேலாயி, என் பேரு. பாருங்க, உங்க கையில இருக்கிற முப்பது பக்கமும் இதே எழுத்துதான். நான் ஒம்பதாவது வரைக்கும் படிச்சவ.

களவுன்னு நெனைக்காதீங்க. கதை அவளோடதுதான். அந்த ஒரு கொப்பிய ஒரு வருசமா எழுதினா. நான் அடுப்படியில ரொட்டி தட்டுறப்ப பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டுவா. எனக்கும் புடிச்சுத்தான் இருந்துச்சு. கடைசிப் பகுதி வாசிச்ச அன்னைக்குத்தான் வந்துச்சு வெனை. ஏ.எல். பரீட்சை சரியா வரல, கொழும்புல ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பலாம்னு நான் பேசி வச்சிருந்தேன். அவகிட்ட சொல்லல. ஆனா யாரோ சொல்லியிருக்காங்க. அவ கதையில புள்ளைங்க எப்படியோ வழி கண்டுபிடிச்சு கப்பலுக்கு வந்துருவாங்க. வந்து பார்த்தா கதவு உள்பக்கமா பூட்டியிருக்கும். உள்ளுக்கு அம்மா பேசுறது கேக்கும். புள்ளைங்க தட்டாமலேயே திரும்பிப் போயிருவாங்க. அத வாசிச்சுட்டு என் மொகத்தையே பார்த்தா மிஸ்.

எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. பெத்து வளத்தவள இப்படியா எழுதுவேன்னு கொப்பியப் புடுங்கி அடுப்புல வச்சுட்டேன். பூசணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் எரிச்சேன். அவ அழவும் இல்ல. எரியிறத நின்னு பார்த்தா. விடிஞ்சு நான் வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போய்ட்டு வந்தா, காம்பராவுல அவ பை இல்ல.

போன மாசியோட ரெண்டு வருசம். கூடப் படிச்ச பிரியந்திக்கு ஒருக்கா மெசேஜ் வந்துச்சாம், நல்லா இருக்கேன், கொழும்புல ஒரு கடையில நிக்கிறேன்னு. எந்தக் கடைன்னு இல்ல. பதினெட்டு முடிஞ்ச புள்ள, தானா போனத யாரு இழுத்துட்டு வர முடியும்?

அப்பதான் ரொட்டி சுத்தி வந்த பேப்பர்ல உங்க போட்டியப் பார்த்தேன். அவ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு மாசம் உக்காந்து எழுதினேன். வழி எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு அவ எழுதினது மட்டும் எவ்வளவு யோசிச்சும் வரல. அதான் வாத ஒடிச்சு வச்சேன். நீங்க வந்து கரெக்டா அதையே புடிச்சுட்டீங்க.

ரெண்டு பேர் பேரையும் போடுறதா? ஐயோ வேணாம் மிஸ். என் பேரப் பார்த்தா புத்தகத்த மூடிருவா. அவ பேரு மட்டும் போடுங்க. கதப் புத்தகம்னா எங்க கண்டாலும் கையில எடுத்துப் பொரட்டுற புள்ள அது. தான் அனுப்பாத கதையில தன் பேரு எப்படி வந்துச்சுன்னு வாசிப்பா. கோவத்துலயாவது கடைசி வரைக்கும் வாசிப்பா.

போடுவீங்களா, மாட்டீங்களா? ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் சொல்லுவீங்க. சரி. கேளுங்க. களவுன்னு உங்க பெரியவங்க சொன்னா என்ன வந்து பார்க்கச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன். போட்டா மட்டும் அந்தக் கடைசி வரிய யாரும் திருத்தக்கூடாது. அவ வச்ச முடிவுல கதவு பூட்டியிருந்துச்சு. நான் அத மாத்திட்டேன்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு, பார்த்துப் போங்க, படியில பாசி. இல்ல மிஸ், தாப்பாள தேடாதீங்க, அது இல்ல. கழட்டி ரெண்டு வருசமாச்சு. சும்மா தள்ளுங்க, தெறந்துக்கும்.