நான் வாசற்படியில் படுக்கவில்லை

“இடது ஓரம் இருபத்தெட்டுதான் இருக்கு.”

“முப்பது, எஜே. நானே அளந்து—”

“நீ அளந்தது திரையில. நான் அளக்குறது தாள்ல.”

“போன தடவை பக்க எண் சரியில்லன்னீங்க, அதை மாத்திட்டு வந்தா இப்ப—”

“மாத்தினே. ஓரம் போச்சு.”

“ரெண்டு மில்லிமீட்டருக்கா என்னை நிறுத்தி வைக்கிறீங்க?”

“ரெண்டுன்னா ரெண்டுதான் கண்ணு. போய் அச்சடிச்சிட்டு வா.”

போன மே மாதம் நானும் கனிஷாயும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம் தம்பி. இதைச் சண்டை என்று எழுதிக்கொள்ள வேண்டாம். எங்கள் பிள்ளைகள் வாத்தியாரம்மாவையும் எஜே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவிடம் கொஞ்சம் வாயாடவும் செய்வார்கள். நீங்கள் வலையமைப்புப் பாடத்துக்குப் புதிதாக வந்தவர், அதனால் சொல்கிறேன். நாரின் என்கிற இந்த மலை ஊரில் முப்பத்தொரு வருடமாக இறுதியாண்டு ஆய்வேடு எழுதச் சொல்லித்தருகிறேன். அளவுகோல் வைத்து ஓரம் பார்ப்பதும் என் வேலைதான். என் கையெழுத்து இல்லாமல் ஓர் ஆய்வேடு தேர்வுக் குழுவின் முன் போனதில்லை.

கனிஷாய் நல்ல பெண். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கல்லூரி முழுக்கக் கணினிக் கம்பி இழுத்து, எந்தக் கணினியிலிருந்து எப்போது என்ன ஏற்றப்பட்டது என்று தானாகக் குறித்துவைக்கும் ஏற்பாடு செய்தாள். அதுதான் அவள் ஆய்வேடு. வலைப்பக்க வடிவமைப்புப் பாடத்துக்காகப் பழைய ஆய்வேடுகளை எல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கியதும் அவள்தான். எனக்கு மவுஸைத் தொட்டாலே கை நடுங்கும். சாயங்காலங்களில் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பாள். கோப்பை இங்கே ஏற்றணும், பெயர் இங்கே, தேதி இங்கே. தப்பாகப் போனாலும் எல்லாவற்றையும் திருப்பிவிடலாம், பயப்படாதீர்கள் என்பாள்.

அப்போதுதான் என் மகன் உர்மத் அவளைப் பார்த்தான். முப்பத்து நாலு வயது. முதல் மனைவி கையில் மாவுக்கட்டோடு அம்மா வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. அவனுக்குக் கை கொஞ்சம் முந்திவிடும், குடித்தால் மட்டும். பொறுமையான பெண் அமைந்தால் சரியாகிவிடுவான் என்று நினைத்தேன். பெற்றவள் அப்படித்தானே நினைப்பாள்.

கனிஷாயிடம் நேராகவே கேட்டேன். அவள் சிரித்தாள். “உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் எஜே. அதுக்காக உங்க பிள்ளையக் கட்டிக்கணுமா?” என்றாள். ஜூலையில் எல்லை தாண்டி அல்மாட்டி நகரத்தில் வேலை, பட்டம் கையில் இருந்தால் போதும் என்றாள்.

அதனால்தான் ஓரம் பார்த்தேன். நாலு முறை திருப்பினேன். கடைசி நாளுக்கு முந்தின நாள் ஐந்தாவது பிரதியைக் கொண்டுவந்தாள். அளவுகோலை மேலே வைத்தேன், கீழே வைத்தேன். முப்பது. அதற்கு மேல் மறுத்தால் முறையாகாது. கையெழுத்துப் போட்டேன்.

பிற்பகலில் அவள் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். பிரதியோடு அவள் தந்திருந்த ஆய்வேட்டுக் கோப்பையே பழைய ஆய்வேடுகளின் பக்கத்தில் ஏற்றினேன். நாலு வருடத்துக்கு முன் படித்து முடித்து ரஷ்யாவுக்குப் போய்விட்ட ஒருவனின் பெயரைப் போட்டேன். தேதியையும் அந்த வருடத்துக்கு மாற்றினேன். கை நடுங்கவில்லை. அவள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

மறுநாள் காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் கணினி, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று காட்டியது. எல்லாம் நானே எழுதியது என்றாள். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நாலு வருஷத்துக்கு முன்னாடி எப்படிம்மா எழுதினே? பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டிருந்தப்பவா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவளே செய்துவைத்த அந்தக் குறிப்பைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான், அந்தப் பதற்றத்தில். நீங்கள் ஒருவர்தான் பார்த்திருக்கிறீர்கள்.

கல்லூரியிலிருந்து அவள் பெயரை நீக்கினார்கள். விடுதி அறையை மூன்று நாளில் காலி செய்யச் சொன்னார்கள். அல்மாட்டிக்காரர்கள் பதிலே எழுதவில்லை. பெட்டியோடு நின்றவளை நான்தான் வீட்டுக்கு அழைத்துவந்தேன். சாமானை வை, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றேன். என் நாத்தனார்கள், வீட்டுக்கு வரும் மருமகளுக்குக் கட்டுகிற வெள்ளைத் தலைத்துணியோடு உள்ளே காத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் கல்யாணத்துக்காகப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தால், வீட்டுக்குப் பெரியவள் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்வாள். வயதானவளைத் தாண்டிப் போனால் சாபம் என்று பெண் திரும்பி உள்ளே வந்துவிடுவாள். அதெல்லாம் காட்டுத்தனம். நான் படித்தவள். நான் வாசற்படியில் படுக்கவில்லை. கதவைத்தான் சாத்தினேன். ஜூன் மாதம்தான், ஆனாலும் காற்று இருந்தது.

மூன்றாம் நாள் அவள் அப்பா மலைக்கிராமத்திலிருந்து வந்தார். அவள் தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். டீ குடித்தார். “கல்லூரியும் உன்னை வேண்டாம்னுடுச்சு. மூணு ராத்திரி இங்க தங்கிட்டே. இனிமே இதுதான் உன் வீடு” என்றார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்களை நான்தான் மெதுவாக எடுத்துவிட்டேன், அவர் பஸ்ஸைத் தவறவிடக் கூடாதே என்று.

இது நவம்பர். அவளுக்கு வயிற்றில் நாலு மாதம். போன் என்னிடம் இருக்கிறது. யாரிடமாவது பேசிப் பேசி மனதைக் கெடுத்துக்கொள்வாள். வாசல் கேட்டைப் பூட்டுவது நாய்களுக்காக. நீங்கள் உள்ளே வரும்போது அவள் முகத்தில் பார்த்த காயம் பனியில் வழுக்கியது.

நீங்கள் கொண்டுவந்த தாளில் இருக்கிற நேரமும் கணினி எண்ணும் சரிதான். ஏற்றியது நான்தான். தேதியை மாற்றியதும் நான்தான். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் வேலை போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. நாளைக்கே அவள் குழுவின் முன் நிற்கலாம், விடுதியில் இடமும் இருக்கிறது, வெளியே கார் நிற்கிறது, அவள் வர்றேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறீர்கள். அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவளை யாரோ அடைத்து வைத்திருப்பது போலப் பேசுகிறீர்கள். இந்த வீட்டில் அவளை நான் மகளைப் போல வைத்திருக்கிறேன். என்னைக் கேட்காதீர்கள், அவளையே கேளுங்கள்.

கூப்பிட்டேன். டீ கெட்டிலோடு வந்து கதவருகே நிற்கிறாள், பாருங்கள். உர்மத்தும் எழுந்து வந்து அவள் பின்னால் நிலையில் சாய்ந்துகொண்டான். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்.

“நிமிர்ந்து பாரும்மா. இவர் உன்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காராம். உன்னை இங்க யாரும் புடிச்சு வைக்கலேன்னு உன் வாயாலேயே சொல்லு.”