உயிரோட இருந்த ஒரே ஆள்

...ஒத்திகைல நான் தோல்வியாம்ல, தோல்வி! பதினோரு பேர்ல நான் ஒருத்தி உயிரோட இருந்திருக்கேன், அது எப்படிம்மா தோல்வி? உக்காரு ஜொலீன், காபி ஆறட்டும். இருபத்திரெண்டு வருஷமா இந்த வண்டிப் பதிவு ஆபீஸ்ல குப்பை கொட்டுறேன். ஒத்திகை நடத்த வந்த ஷெரீஃப் ஆபீஸ் போலீஸ்காரன், எல்லார் முன்னாலயும் நான் மேல மாட்டியிருந்த மஞ்சச் சட்டையக் கழட்டச் சொல்லிட்டான். ஆபத்து வந்தா எல்லாரையும் பத்திரமா கூட்டிட்டுப் போற வார்டனோட சட்டை! நான் கேட்டு வாங்கினது.

துப்பாக்கியோட எவனாவது உள்ள வந்தா ஓடு, முடியலையா ஒளி, அதுவும் முடியலையா அடின்னு ஒத்திகை புக்ல போட்டிருக்கு. படிக்க நல்லாத்தான் இருக்கு. எங்க ஓடுறது? பின்வாசல மறிச்சு ஜெராக்ஸ் மிஷின் நிக்குது. எதால அடிக்கிறது? கவுண்டர்ல பேனாவக்கூட சங்கிலி போட்டுக் கட்டியிருக்காங்க. அப்ப ஒளியறதுதானே பாக்கி? ஸ்டோர் ரூம்ல ஒளிஞ்சேன். லைட்ட அணைச்சேன், போன் சத்தத்த நிறுத்தினேன். எல்லாம் புக்ல போட்ட மாதிரிதான்.

ஸ்டோர் ரூம் சாவி எங்கிட்ட மட்டும் ஏன்னு கேக்குறாங்க. வேற யார நம்பிக் குடுக்க? அங்கதான் காபில ஊத்திக்கிற என் பூசணி க்ரீமர் இருக்கு. பக்கத்து கவுண்டர் டுவேன் வாரத்துக்கு ஒரு பாட்டில் காலி பண்றான், கேட்டா பல்ல இளிக்கிறான். அதான் ஆகஸ்ட்லயே பூட்ட மாத்திட்டேன். நல்ல பூட்டு. உள்ள சாத்திட்டா சாவி இல்லாம வெளியிலேந்து தொறக்கவே முடியாது.

அதுக்கு, பத்து பேரும் வராந்தாவுல நின்னு, செத்துட்டதா செவப்பு ஸ்டிக்கர் வாங்கினா அது என் தப்பா? உன் நெஞ்சுல இன்னும் இருக்கு பாரு. பிச்சுப் போடும்மா, துணி பாழாயிடும்.

சரி, விஷயத்துக்கு வரேன். இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து போடு. யாரும் கதவத் தட்டலன்னு எழுதியிருக்கேன், அவ்வளவுதான். நீ ஒருத்தி போட்டா போதும், சட்டை திரும்பக் கெடச்சிடும்.

என்ன அப்படிப் பாக்குற? ...சரி, தட்டின. மூணு தரம். "மார்லீன், நான்தான்"னு சொன்ன. கேட்டுச்சு. யார் குரல் கேட்டாலும் தொறக்கக் கூடாதுன்னு புக்லயே இருக்கும்மா... புக்க விடு. பயந்துட்டேன். ஒத்திகைன்னு தெரிஞ்சும்தான். சாவி கையிலதான் இருந்துச்சு.

ஜொலீன், எங்க எழுந்திரிக்கிற? கையெழுத்து... ஏம்மா, கையெழுத்துப் போடுற எடத்துல அந்தச் செவப்பு ஸ்டிக்கர ஒட்டிட்டுப் போறியே...