அண்ணன் வரட்டும்

— மெதுவாப் பேசுங்க மாமா. உள்ள அம்மா இருக்கா.

— எதுக்கு மெதுவாப் பேசணும்? செத்தது என் கூடப் பொறந்தவ. நான் ஒண்ணு சொல்றேன் கேளு மேரிம். கணவாயில முட்டளவு பனி. அதுல ரெண்டு கார் நிறைய ஜனத்தக் கூட்டிக்கிட்டு விடியறதுக்கு முன்னாடி கிளம்பி வந்திருக்கேன். வந்து பார்த்தா, கொட்டில் ஓரமா ரெண்டு ஆடு உரிச்சுத் தொங்குது. சாவு விருந்துக்கு ஒரு குதிரை அறுக்கல. என் தங்கச்சி சோனுன் என்ன அநாதையா?

— அம்மாதான் குதிரை வேணாம்னா. 'என் பேர்ல ஒரு குதிரை எப்பவோ போயாச்சு'ன்னா.

— சாகப்போறவ ஆயிரம் சொல்வா. அதுக்கெல்லாம் அர்த்தம் தேடிக்கிட்டு இருந்தா ஊரு சிரிக்கும்.

— உங்க அழுகை நல்லா இருந்துச்சு மாமா.

— என்ன, கிண்டலா?

— கிண்டல் இல்ல. கார்லேர்ந்து இறங்குனீங்க, சிகரெட்ட முடிச்சீங்க, தொண்டையக் கனைச்சுக்கிட்டீங்க. வேலிக்கு இந்தப் பக்கம் கால வெச்சதும் 'ஐயோ என் முதுகெலும்பே, என் ஒத்தத் தங்கமே'ன்னு ஆரம்பிச்சீங்க பாருங்க, அம்மாவக் கெடத்தியிருக்கிற கூடாரத்துக்குள்ள ஒப்பாரி வெச்சிட்டிருந்த பொம்பளைங்களே ஒரு நிமிஷம் நிறுத்திட்டாங்க.

— ஆம்பளைன்னா அப்படித்தான் கத்திக்கிட்டு வரணும். அது மொறை. பெத்த மக நீ, உள்ள சுவத்தப் பார்த்து உக்காந்து ஒப்பாரி வெக்காம இங்க என்கிட்ட வாயாடிக்கிட்டு நிக்கிறியே, அது எந்த மொறை? தங்கச்சி புள்ளைக்கு ஏழு ஓநாய் மேல்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க.

— ஓநாய்ங்க பனி விழுந்தா ஊருக்குள்ள வந்து எட்டிப் பார்க்கும் மாமா. நீங்க வந்து ஒம்பது வருஷம்.

— எனக்கு மட்டும் வேலை வெட்டி இல்லையா? முட்டிவலி வேற.

— மார்ச்லேர்ந்து படுக்கைதான் அம்மா. நாலு தடவ போன் பண்ணேன். நாய் குரைச்சா போதும், 'யாரு பாரு, அண்ணனா இருக்கும்'பா. தபால்காரர் வந்தாக் கூட முக்காட்டச் சரி பண்ணிக்குவா.

— சரி, விடு. இப்ப வந்துட்டேன்ல. பொம்பள செத்தா, பொறந்த வீட்டு ஆளு வந்து சம்மதம் சொல்லாம ஒரு பிடி மண்ணு போட முடியாது. அது தெரியுமில்ல உனக்கு?

— தெரியும். அதனாலதான் காத்துக்கிட்டிருக்கோம்.

— காத்துக்கிட்டிருக்கீங்களா? மத்தியானத் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்னு சொல்லி அனுப்பியிருக்கீங்க. மையவாடி வழியாத்தான் வந்தேன், ஒரு கூடை மண்ணு பேரல. இங்க வந்தா உன் தம்பி கடப்பாரையையும் மண்வெட்டியையும் சுவத்துல சாத்தி வெச்சிட்டு டீ குடிக்கிறான். பெத்த தாய்க்குக் குழி தோண்டக் கூடவா சோம்பல்?

— தம்பி தாலாயக் குத்தம் சொல்லாதீங்க. குழி தோண்டக் கூடாதுன்னு அம்மாதான் சொன்னா. 'அண்ணன் வரட்டும், அவன் வந்த பிறகு பாத்துக்கலாம்'னா.

— அப்படியா சொன்னா?

— மூணு தடவ சொன்னா.

— பார்த்தியா. என்ன இருந்தாலும் பொறந்த வீட்டு மரியாதைய அவ விட்டுக் கொடுக்கல. எங்க அம்மா போனப்ப இவளுக்கு ஆறு வயசு. நான்தான் தலை வாரி விட்டேன். நர்ஸ் படிப்புக்கு நரீன் டவுனுக்கு அனுப்பினதும் நான்தான்.

— படிப்ப முடிக்கலையே.

— அது விதி. அதுக்கு நான் என்ன பண்றது?

— விதி பஸ்ஸ நிறுத்துமா மாமா? நாலு பேர் ரோட்டுல காரக் குறுக்க விட்டு, அம்மாவ இறக்கி, ஜமக்காளத்துல சுருட்டித் தூக்கிட்டு வந்தாங்க.

— அந்தக் காலத்துல பாதி ஊரு கல்யாணம் அப்படி நடந்ததுதான். உங்கப்பா ஒண்ணும் கெட்டவர் இல்ல. கை நீட்டினதுண்டா? குடிச்சதுண்டா?

— நான் அப்பாவப் பத்திப் பேசல. மூணாம் நாள் நீங்க வந்ததப் பத்திப் பேசறேன். உங்க குதிரையோட அங்கவடியப் பிடிச்சுக்கிட்டு, 'அண்ணா, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ'ன்னு கேட்டாளாமே.

— கேட்டா. இல்லேங்கல. ஆனா அடுத்தவன் வீட்ல மூணு ராத்திரி இருந்தவள எப்படித் திருப்பிக் கூட்டிட்டுப் போறது? கல்யாணம் ஆச்சுன்னு தலையில வெள்ளை முக்காடு போட்டாச்சு. இந்த வீட்டுக் கிழவி வேற வாசப்படிய அடைச்சுக் குறுக்க படுத்துக்கிட்டா. பெரியவங்களத் தாண்டினா சாபம்.

— அம்மா தாண்டித்தான் வந்தா மாமா. சாபத்த வாங்கிக்கிட்டுத்தான் உங்க அங்கவடியப் பிடிச்சா.

— நான் ஒண்ணு சொல்றேன் கேளு. கல்லு விழுந்த எடத்துலதான் கனக்கும். அன்னிக்கு அதைத்தான் அவகிட்டச் சொன்னேன். நானா உண்டாக்கின பேச்சா? நம்ம பொம்பளைங்க அத்தனை பேரும் கேட்டு வாழ்ந்த பேச்சு.

— நான் கேக்கல. எனக்கு இருபது வயசுல என்னையும் ஒருத்தன் தூக்கிட்டுப் போனான். பொழுது சாயறதுக்குள்ள அம்மா டிராக்டர்ல வந்து நின்னா. வீட்டுக்குள்ள கூடக் காலெடுத்து வெக்கல. 'கல்லத் தூக்க நான் வந்துட்டேன், வெளிய வாடி'ன்னா.

— அதனாலதானே முப்பத்தெட்டு வயசுல ஒத்தையா நிக்கிற.

— பள்ளிக்கூடத்துல பாடம் நடத்திக்கிட்டு நிக்கிறேன். ராத்திரி கதவச் சாத்திக்கிட்டு நிம்மதியாத் தூங்கறேன். அம்மாவுக்கு அது வாய்க்கல. அவ கேட்டதுக்கு நீங்க ஒரு பழமொழியச் சொல்லிட்டுக் கறி சாப்பிட உக்காந்துட்டீங்க.

— கோவம் தணிக்கிற விருந்து அது. சாப்பிடலன்னா பகைன்னு அர்த்தம்.

— குதிரையும் வாங்கிட்டீங்க.

— அதுவும் அதுக்குத்தான். பொண்ணு வீட்டுக் கோவத்த ஆத்தறதுக்கு மாப்ள வீட்டுக்காரன் கொடுக்கிறது. நானா கேட்டேன்? ஆனா ஒண்ணு சொல்லணும், அது குதிரை. நெத்தியில சுட்டி வெச்ச செவலை, இடது காது நுனி மட்டும் கொஞ்சம் கிழிஞ்சிருக்கும். பன்னெண்டு வருஷம் ஓட்டினேன். இன்னிக்கும் எங்க ஊர்ல அதப் பத்திப் பேசுவாங்க.

— அம்மாவும் பேசுவா. காது கிழிசலக் கூடச் சொல்லியிருக்கா.

— பார்த்தியா, அவளுக்கும் அதப் பிடிச்சிருக்கு.

— இருக்கலாம்.

— சரி, பழச விடு. இப்ப நடக்க வேண்டியதப் பார்ப்போம். நான் வந்ததும் எனக்குக் கூடாரத்துல மேல் எடம் கொடுத்திருக்கணும். கொடுக்கல. எங்க ஜனத்துக்கு ஆட்டுக் குடல நறுக்கி வெச்சிருக்காங்க. என் தங்கச்சி மேல போத்தியிருக்கிற கம்பளத்துல ஓரத்துல பூச்சி அரிச்சிருக்கு. நான் பார்த்தேன்.

— அது அவளே நெய்ஞ்ச கம்பளம். அதத்தான் போத்தச் சொன்னா.

— அவ சொன்னா, அவ சொன்னா. எல்லாத்துக்கும் இதே பாட்டு. இவ்வளவு கேவலமா ஒரு அடக்கத்துக்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரத்துல குதிரை அறுக்கணும். இல்லேன்னா சோனுன எங்க ஊருக்கே எடுத்துட்டுப் போயி எங்கப்பா பக்கத்துல வெப்பேன்.

— இன்னொரு தடவ சொல்லுங்க மாமா.

— சும்மா மிரட்டறேன்னு நெனச்சியா? பொறந்த வீட்டுக்கு அந்த உரிமை இருக்கு. எடுத்துட்டுப் போவேன்.

— தாலாய், டீய வெச்சிட்டு வேன எடு. பின்னாடி சீட்டெல்லாம் கழட்டியாச்சுல்ல? அந்தப் புதுக் கம்பளத்த உள்ள விரி. அம்மா கிளம்பறா.

— ஏய், என்ன பண்ற?

— அம்மா சொன்னதப் பண்றேன். 'அண்ணன் வரட்டும். கோவத்துலயாவது, வாய் தவறியாவது ஒரு தடவ என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுவான். சொன்னா, அவன் வாய மூடறதுக்குள்ள என்னை வண்டியில ஏத்திடுங்க.' குழி ஏன் தோண்டலன்னு கேட்டீங்களே. இதுக்குத்தான்.

— உங்கப்பா விடுவாரா? நாலு புள்ளைங்களப் பெத்த பொண்டாட்டிய வேற ஊர் மண்ணுக்கு எவனாவது அனுப்புவானா?

— அப்பா, கொஞ்சம் இங்க வாங்க. மாமா உங்களத்தான் கேக்கறார்.

— கூட்டிட்டுப் போ ஒஸ்மோன். நான் தடுக்கல.

— ஷாதிபெக், உனக்கு என்னய்யா ஆச்சு? நாப்பத்தி மூணு வருஷம் உன் கூட வாழ்ந்தவ.

— அன்னிக்கு அவளக் கேக்காமத் தூக்கிட்டு வந்தேன். இன்னிக்கு அவ கேட்டதால அனுப்பறேன். எனக்கு வயிறு எரியுது மச்சான், இல்லேன்னு சொல்லல. ஆனா நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணதுல, இது ஒண்ணாவது அவளுக்காக இருக்கட்டும்.

— அதையெல்லாம் இப்ப எதுக்கு இழுக்கற? நீ போ, போயி உன் தடிய ஊனிக்கிட்டு வாசல்ல நில்லு, வர்ற ஜனத்தப் பாரு. மேரிம், நில்லு. வேன நிறுத்தச் சொல்லு. நான் ஒண்ணு சொல்றேன் கேளு. பேச்சு வேகத்துல சொல்றதையெல்லாம் பிடிச்சுக்கிட்டா எப்படி? கணவாயில பனி.

— காலையில ரெண்டு காரோட அதுலதானே வந்தீங்க.

— எங்க ஊர்ல என்ன பேசுவாங்க? கட்டிக் கொடுத்தவ பொணமாத் திரும்பி வந்தா, புருஷன் தொரத்தி விட்டுட்டான்பாங்க. பேத்திக்கு மாப்ள பார்த்துக்கிட்டிருக்கேன்.

— அப்பாவும் கூட வர்றார். அவர் வாயாலயே ஊருக்குச் சொல்லுவார்.

— எங்கப்பா பக்கத்துல எடமில்ல.

— இப்பத்தானே அங்க வெப்பேன்னீங்க.

— ஒரு எடம் இருக்கு. அது எனக்குன்னு வெச்சது. ஏன் அப்படிப் பார்க்கிற? எனக்கும் எழுபத்திரண்டு ஆவுது.

— வேலியோரமா வைங்க மாமா. அம்மா பெரிய எடமெல்லாம் கேக்கல. அந்த ஊருக்குள்ள இருந்தாப் போதும்னா.

— முடியாது மருமவளே. மனசு இருக்கு, முடியாது. கல்லு விழுந்த எடத்துலதான் கனக்கும்.

— சரி. தாலாய், வேன நிறுத்திடு. ஆளுங்களக் கூட்டிக்கிட்டுப் போயி குழியத் தோண்டு. இங்கயே அடக்கம் பண்ண மாமா சம்மதம் சொல்லிட்டார்.

— கோவப்படாத. உங்கம்மா இருந்திருந்தா என்னைப் புரிஞ்சுக்கிட்டிருப்பா. என்னிக்காவது என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருக்காளா?

— இல்ல. ஒரு நாளும் இல்ல.

— அதான். குதிரையும் வேணாம், ஒண்ணும் வேணாம். குழிக்குள்ள இறங்கி அவள வாங்கி வெக்கிறது மட்டும் நானா இருக்கணும். தலை வாரி விட்ட கை இது. அதையும் வேணாம்னுடாத.

— இறங்குங்க. அதத் தடுக்கச் சொல்லி அம்மா சொல்லல. உங்ககிட்டச் சொல்லச் சொல்லி ஒண்ணு விட்டுட்டுப் போயிருக்கா. 'மறுபடியும் மாட்டேன்னு சொன்னா மட்டும் சொல்லு, கூட்டிட்டுப் போனா சொல்லவே சொல்லாத'ன்னா.

— என்ன சொன்னா?

— 'என்னைத் தூக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஹாஸ்டலுக்கு நீ என்னைப் பார்க்க வந்தது காது கிழிஞ்ச அந்தச் செவலை மேலதான். கூட்டாளியோட குதிரைன்னு சொன்ன, எந்த பஸ்ல ஊருக்கு வருவேன்னு கேட்ட. தூக்கிட்டு வந்த முதல் நாளே அத இந்த வீட்டுக் கொட்டில்ல பார்த்துட்டேன் அண்ணா. பார்த்த பிறகுதான் உன் அங்கவடியப் பிடிச்சேன்.'